கரண்டு வைத்தியத்துக்குப் பிறகு வந்தவர்

பெரிய காஞ்சிபுரம்,
கார்த்திகை மாதம், 1967.

மரியாதைக்குரிய மச்சான் வேணுகோபால் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் வீரபாகு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். சென்னையில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். அந்த எல்லோரில் இப்போது ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் தங்கை தில்லையம்மாள் ஆடி மாதத்திலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதும், சோறும் பேச்சும் நின்றுபோனதும், மாகறல் கோயிலுக்கும் மந்திரக்காரரிடமும் நான் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்ததும், கடைசியில் தாங்கள் சொன்ன மூளை டாக்டரிடம் வந்ததும் தாங்கள் அறிந்ததே. தலைக்குக் கரண்டு வைக்கப்போகிறோம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் தெரு விளக்குக்கே ஒழுங்காக வராத கரண்டு இவள் தலைக்குள் மட்டும் ஒழுங்காகப் போய்விட்டு வருமா என்று நான் அவரிடமே கேட்டேன். அதற்குத் தாங்கள் என்னைக் கையைப் பிடித்து வராந்தாவில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டீர்கள். அதற்காக எனக்கு வருத்தமில்லை. ஊசி போட்டுத் தூங்கவைத்து, நெற்றியில் இரண்டு பக்கமும் கரண்டு கொடுத்து, இப்படியே சில வாரம் வைத்தியம் நடந்து, மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். குணமாகவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பஸ் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் பசிக்கிறது என்றாள். வீட்டுக்கு வந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தறியில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் எட்டிப் பார்த்ததும் நலம் விசாரித்துவிட்டு, என் பக்கம் கையைக் காட்டி, பஸ்ஸில் கூடவே துணைக்கு வந்தார், ரொம்ப ஒத்தாசையான மனிதர், யாரென்றுதான் தெரியவில்லை என்று சொன்னாள்.

மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது மச்சான். புடவையின் கரைக்கணக்கு தப்பவில்லை. தங்களைக் கேட்கிறாள், தங்கள் பிள்ளைகளைக் கேட்கிறாள், செத்துப்போன கறவை மாட்டைக்கூடப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்கிறாள். என்னை மட்டும் தெரியவில்லை. கல்யாண போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, நீங்களும் கல்யாணத்துக்கு வந்திருந்தீர்களா என்று கேட்டாள். எனக்கு மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. முதலில் எனக்கு இலை போடுகிறாள், சுடச்சுடப் பரிமாறுகிறாள். ராத்திரி படுக்கைக்கு மட்டும் பாயைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டு, அவர் வீட்டில் இல்லாதபோது உள்ளே வேற்றாளைப் படுக்கவைத்தால் நன்றாயிருக்காது, தப்பாக நினைக்காதீர்கள் என்கிறாள். நானும் தப்பாக நினைக்காமல் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

அவர் என்றால் அவள் புருஷனாம். வெளியே போயிருக்கிறாராம், வந்துவிடுவாராம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் பேசாமல் சாப்பிட்டுவிடுவாராம். வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலுக்குப் போகும்போது முன்னால் விறுவிறுவென்று போகாமல் இவளோடு சேர்ந்து நடப்பாராம். தில்லை என்று கூப்பிடுவாராம். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. ஒரு நாள் சாப்பிடும்போது நானும் மெதுவாகத் தில்லை என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, அப்படி அவர் மட்டும்தான் கூப்பிடுவார் என்று சொல்லி அந்தண்டை போய்விட்டாள். சரி, ஆள் எப்படித்தான் இருப்பார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பார்க்க உங்களாட்டமேதாங்க இருப்பாரு. ஆனா நல்ல மனுசன்னு பார்த்ததுமே தெரியும்."

இதுவரை நடந்ததை மூளைக் கோளாறு என்று டாக்டர் சொல்வார், நானும் ஒப்புக்கொள்வேன். கரண்டு வைத்தால் ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று அவரே சொல்லித்தான் அனுப்பினார். இனிமேல் எழுதப்போவதற்கு அவர் என்ன சொல்வார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. முடித்த புடவையைப் போன வாரம் நெசவாளர் சொசைட்டியில் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே கும்பல், வெயில் தாழ்ந்துதான் வீடு திரும்பினேன். வந்து பார்த்தால் தறியில் ஒரு முழத்துக்கு மேல் புதிதாக நெய்திருக்கிறது. கோர்வைப் புடவை மச்சான். உடலும் கரையும் பிசகில்லாமல் சேர வேண்டுமென்றால் அந்தக் கோடியில் கரை நூல் ஓடும் ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும், நெசவுக்காரர் பிள்ளையான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரை மயிரிழை விலகாமல் சேர்ந்திருக்கிறது. நானும் அவளும் சேர்ந்து நெய்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. யார் உட்கார்ந்தது என்று கேட்டேன். முகத்தில் அப்படி ஒரு வெட்கம். "அவருதான். இப்பத்தான் எழுந்து போனாரு. நீங்க எதிர்ல பார்க்கலியா?"

நான் ஜெயம்மாள் வீட்டுக்கு ஓடினேன். யாராவது வந்தார்களா என்றேன். அவள் யாரையும் பார்க்கவில்லையாம். மத்தியானம் பூராவும் தறிச் சத்தமும் பேச்சுச் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதாம். "நீதான்னு நெனச்சேன்பா. ஆனா ஆம்பிளை சிரிக்கிற சத்தம் வந்துச்சு. நீ சிரிச்சு நான் கேட்டதே இல்லியேன்னு அப்பவே யோசிச்சுக்கினு இருந்தேன்" என்றாள். அதிலிருந்து நான் வெளியே போவதுபோல் போய்த் தெருமுனையில் நின்றுவிட்டுத் திடீர் திடீரென்று வீட்டுக்குள் வருகிறேன். தெருவில் எல்லோரும் எனக்கும் கரண்டு வைத்தாயிற்று என்று பேசிக்கொள்கிறார்கள். நேற்று அப்படி வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள், தறி சும்மா இருந்தது. ஓரத்து நாடா தள்ளுகிறவர் உட்காரும் அந்தக் கோடிப் பலகையில் கையை வைத்துப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்து எழுந்த பலகையாட்டம் சூடாக இருந்தது.

ஆகவே மச்சான், தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் புறப்பட்டு வரவேண்டும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, ஞாபகம் சீக்கிரம் திரும்புவதற்கு எந்த மருந்து உண்டோ அதைக் கேட்டு வாங்கி வரவும். மாத்திரையைக் கூட்டினாலும் சரி, மறுபடி ஊசி போட்டாலும் சரி, என் பெண்சாதிக்கு என்னைத் தெரிய வேண்டும், அந்த ஆள் போய்விட வேண்டும். ஒரு தறியில் இரண்டு வீரபாகு உட்கார முடியாது.

தங்கள் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரவும், தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் ஞாபகம் இருக்கவும் காமாட்சியம்மனை வேண்டிக்கொள்ளும்,
வீரபாகு.

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன்னால் தில்லையம்மாள் சோற்றை வடித்துவிட்டு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களா" என்றாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது மச்சான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே கிட்டே போனேன். அவள் மெதுவாக நடந்துபோய்ச் ஆடி மாதத்தில் உட்கார்ந்த மாதிரியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. மேலே கேட்ட மருந்து எதையும் வாங்க வேண்டாம். இன்னொரு தடவை கரண்டு வைத்தால் என்னை மறந்துவிடுவாளா என்று மட்டும் டாக்டரைக் கேட்டு உடனே எழுதவும். அவள் சொல்லும் அவரே வரட்டும். நான் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு தறி பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன்.