ஓடையில் பன்னிரண்டு உயிரினங்கள்

உயிரினங்களின் தொந்தரவே இல்லாமல் உயிரியல் கற்பிக்க முடியும் என்று உலகுக்கு உணர்த்திய பெருமை, அவிநாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றையே சாரும்.

அந்தப் பெருமைக்குக் களங்கம் கொண்டுவந்தவள் வேல்விழி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்த ராமுத்தாயின் மகள். செய்முறைப் பாடத்துக்காகக் கல்லூரிக்குப் பின்னால் போகும் ஓடையில் தண்ணீர் எடுத்து, அதிலுள்ள உயிரினங்களைப் பட்டியலிட வேண்டும். ஓடை அன்றைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. மூன்று மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தவள், 'உயிரினங்கள்: இல்லை' என்று எழுதிவிட்டாள்.

துறைத்தலைவர் மகுடேஸ்வரன் பதறிப்போனார்.

“என்ன கண்ணு இப்படி எழுதிப்போட்டே? பத்து வருசமா ரெக்கார்டுல பன்னெண்டு உயிரினம் இருக்குது. ஒண்ணுகூடச் செத்ததில்லை!”

“நெசமாவே ஒண்ணுமில்ல சார்.”

“உன்ற கண்ணுக்குத் தெரியலீன்னா இல்லாமப் போயிருமா?”

அவசரக் கூட்டம் கூடியது. தண்ணீரில் குறையில்லை, மாணவியின் பார்வையில்தான் ‘குறைபாடு’ என்று ஏகமனதாகத் தீர்மானித்து, அவளைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவரோ, கண்கள் அற்புதம் என்று சான்றளித்துவிட்டார். பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுது, இல்லையேல் செய்முறையில் பூஜ்யம் என்பது இறுதி ஆணை. தோற்றால் அம்மாவுக்குப் பக்கத்துத் தையல் மெஷின்தான் அவளுக்கு.

வேல்விழிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுநாள் கடையில் ஒரு தங்கமீன் வாங்கி வந்து, துறைத்தலைவர் மேசையிலேயே ஓடைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டாள். நான்கே நிமிடத்தில் மீன் மல்லாந்தது. பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகுடேஸ்வரன் முகத்திலோ அப்படியொரு பூரிப்பு.

“இதைத்தானே கேட்டேன்! மீன், ஒண்ணு. எழுதிக்க.”

“செத்துப்போச்சு சார்!”

“மீனு நம்ம பாடம். செத்த காரணம் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் கண்ணு.”

முழு மதிப்பெண் போட்டார்.

பாட்டிலோடு வேதியியல் துறைக்கு ஓடினாள் வேல்விழி. பேராசிரியை பிரிசில்லா அதை வெளிச்சத்தில் தூக்கி ஒரே ஒரு முறை பார்த்தார். சாயத்தின் பெயர், கலந்திருக்கும் உப்பு, எந்தத் துணிக்குப் போட்டது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

“அப்ப எந்தப் பட்டறைத் தண்ணின்னும் தெரியுமா மேடம்?”

ஊரிலேயே பெரிய சாயப்பட்டறைக்கு முதலாளியான கல்லூரித் தாளாளர், சுவரில் ‘சட்டத்துக்கு உட்பட்டு’ச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரிசில்லா அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதைக் கண்டுபிடிக்காம இருக்கறதுக்குத்தான் கண்ணு எங்களுக்குச் சம்பளம்.”