பம்பாயில் நான் பாடிய சடுகுடு

பம்பாய்க்குப் போய் வந்ததைப் பீற்றிக்கொள்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடற்கரையில் தின்ற பேல்பூரி, ஈரானி கடை டீ, ராத்திரி நாடகம், மைதானம் மைதானமாகக் கிரிக்கெட் என்று அளந்துகொண்டே இருப்பான். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அதே பம்பாய்க்குப் போனவன்தான். பார்த்தது ஒரு மண் தரை. தின்றது ரசம் சோறு.

எங்கள் ஊர் அரியலூரை அடுத்த குன்னம் பக்கம். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் சடுகுடு ஆடியே வளர்ந்தேன். படிப்பு ஏறவில்லை, கால் மட்டும் வேலை செய்தது. அக்காவைப் பம்பாயில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா வேலை பார்த்த கம்பெனியில் கபடி டீம் இருந்தது. டீமில் எடுத்துக்கொண்டால் அங்கேயே வேலையும் உண்டு. அக்கா மாமாவை நச்சரித்து, கோச் முன்னால் நான் ஆடிக் காட்ட ஏற்பாடு செய்துவிட்டாள்.

அவள் கவலை என் சம்பளம் இல்லை. கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் கிடந்தாள். இந்தப் பக்கம் குஜராத்தி, அந்தப் பக்கம் மராத்தி, மேலே கோவாக்காரர்கள். எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் அழுதால் தமிழில் ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

"நம்ம வூட்டு ஆளு ஒருத்தன் இங்க இருந்தா போதும்டா தம்பி" என்றாள், நான் போய் இறங்கியதுமே. "வா, ஊரைச் சுத்திக் காட்டுறேன். வடா பாவ் வாங்கித் தரேன்."

"ஆட்டம் முடியட்டும். கண்டதத் தின்னு வயித்தக் கெடுத்துக்க மாட்டேன்" என்றேன். (பெரிய பயில்வான்!)

எங்கள் ஊர்ப் பக்கம் எதிராளியின் எல்லைக்குள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போக வேண்டும். வெறுமனே 'கபடி கபடி' என்று போகிறவனை ஒருத்தன் மதிக்க மாட்டான். எதிராளியின் அப்பனை இழுத்துப் பாட்டுக் கட்ட வேண்டும். (திட்டு வாங்கினவனே கை தட்டுவான். அப்படி ஒரு ஊர்.) பம்பாய்க்கென்றே, அரியலூர் சிமெண்டை வைத்துப் புதிதாக ஒன்று கட்டி வைத்திருந்தேன். அங்கே எவனுக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியம் வேறு.

மறுநாள் காலை மைதானத்தில் கோச் நடுக்கோட்டு ஓரத்தில் நின்றார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில். எல்லோரிடமும் இந்தியிலேயே கத்திக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு இறங்கினேன்.

"அரியலூரு சிமிட்டிடா, அசைச்சுப் பாரு முடியாதுடா, ஒங்கப்பன வரச் சொல்லுடா, போடா போடா போடா..."

இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். விசில். அவுட்டாம்!

கோச் இந்தியில் ஏதோ சொன்னார். மாமா ஓடி வந்தார். "மாப்ள, கபடின்னு மட்டுந்தான் சொல்லணுமாம். வேற எது சொன்னாலும் அவுட்டாம். இன்னொரு வாட்டி போவச் சொல்றாரு."

போனேன். "கபடி கபடி கபடி..." நாக்கில் மண் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. மராத்திப் பையன் ஒருத்தன் என் கணுக்காலைப் பிடித்தான். இன்னொருத்தன் இடுப்பைப் பிடித்தான். பிடி விழுந்ததும் மூளை கழன்றுகொண்டது. ஊர் வாய் திறந்துகொண்டது. கோச்சின் காலடி வரைக்கும் அவர்களை இழுத்துக்கொண்டே போய் விழுந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினேன்: "ஒங்கப்பன வரச் சொல்லுடா! போடா போடா போடா!"

விசில் ஊதவில்லை. கோச் குனிந்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். மழுமழுவென்று மொட்டை.

"போன வாரந்தான் எங்கப்பாவுக்குக் கருமாதி முடிஞ்சுது தம்பி" என்றார், சுத்தமான தமிழில். "எங்கேருந்து வரச் சொல்றது?"

அந்த இடத்தில் மனுஷன் என்ன செய்வான்? காலில் விழுவான். நான் எழுந்து நின்று கோபமாகச் சொன்னேன்: "ஒங்கள யாரு சொன்னா? இதோ, காலப் புடிச்சான் பாருங்க, இவன் அப்பனத்தான் சொன்னேன்."

தொப்பியைப் போட்டுக்கொண்டே, கோச் அதை அந்தப் பையனுக்கு மராத்தியில் எடுத்துச் சொன்னார். அப்புறம் நாலு பேர் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மாமா கைகூப்பிக்கொண்டு நின்றார். கோச் என் முழங்காலைக் காட்டினார். "காலு நல்ல காலு. வாய ஊர்லயே வெச்சுட்டு வந்திருந்தா இன்னிக்கே எடுத்திருப்பேன்."

அறைக்குத் திரும்பினோம். நான் படுப்பதற்கென்று அக்கா வாசல் ஓரத்தில் இருந்த பெட்டிகளை எல்லாம் நகர்த்தி இடம் பண்ணி வைத்திருந்தாள். மாமா முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"சரி, போவுது. ரெண்டு நாளு இருந்து ஊரப் பாத்துட்டுப் போடா."

இருந்திருக்கலாம். அவளோடு கடற்கரைக்குப் போய் அந்தப் பேல்பூரியைத் தின்றிருக்கலாம். எனக்கு ரோஷம். அன்றைக்கே மூட்டையைக் கட்டினேன்.

அக்கா அந்த ஊரிலேயே இருந்துவிட்டாள். மராத்தி கற்றுக்கொண்டாள். சண்டை போடுகிற அளவுக்குப் பேசுவாள் என்று மாமா சொல்லுவார். வருஷா வருஷம் பிள்ளைகளோடு அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவாள். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னலில் இருந்து பிள்ளைகள் கத்தும்: "போடா மாமா வந்திருக்காரு! போடா மாமா!" பிளாட்பாரமே சிரிக்கும். இப்போது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன.

ஒருமுறை நான் கேட்டே விட்டேன். "ஏன்க்கா, இதுங்களுக்கு வேற கத எதுவும் சொல்லித் தரலியா?"

"தமிழ்ல சொன்னா சிரிச்சுக் கேக்குற கத அது ஒண்ணுதான்டா" என்றாள். "அத விட்டா எல்லாத்தையும் மராத்தியிலதான் கேக்குதுங்க."