வாடகைக்குப் பயந்து கட்டிலுக்கடியில்

வாடகை கொடுக்க முடியாமல் ஓடி ஒளிகிறவனைப் பார்த்திருப்பீங்க. வாடகை வாங்கப் பயந்து ஒளிஞ்சவன் எங்க ஊரு கோச்சடையிலேயே நான் ஒருத்தன்தான்.

மாமனார் சீராகத் தந்த வீடு. முன்பகுதியில் சீதாராமன் இருபது வருசமாகக் குடியிருந்தார்; பின்பகுதியில் நாங்கள். வாடகை நூற்றைம்பது. சட்டப்படி இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது, கிளப்பவும் முடியாது. கிளப்பியே தீருவதென்று தொண்ணூத்தஞ்சு தை பிறந்ததும் சபதம் போட்டேன்.

வக்கீல் வழி சொன்னார்.

"பேயாண்டி, அவர் குடுத்தா வாங்காதீரு. ஆறு மாசம் பாக்கி நிக்கட்டும். வாடகை தரலைன்னு கேஸ் போட்டுருவோம். ஒரு ரூவா உம்ம கையில பட்டாலும் கேஸ் செத்துச்சு."

ஃபீஸ் ஆயிரத்து ஐந்நூறு. என் சம்சாரம் ஒச்சம்மாள் வளையலுக்குச் சேர்த்த சீட்டுப் பணம். அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம் தனி.

"யார் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லு. ஏன்னு கேக்காதே" என்றேன். அவள் கேட்கவில்லை. கேட்காததே பயமாக இருந்தது.

ஒண்ணாந்தேதி வந்தால் வாசல் பக்கமே போகமாட்டேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாடகையை மணியார்டரில் அனுப்பிட்டாரோ என்று கதவைச் சாத்துவேன். முன்கதவு கிறீச்சிட்டதும் சீதாராமன்தான் என்று கட்டிலுக்கடியில் போய்விடுவேன்.

"மதினி, அண்ணன் இருக்காகளா?"

"திருப்பரங்குன்றம் போயிருக்காக தம்பி."

"செருப்பு வாசல்ல கெடக்கே?"

"வேண்டுதல்."

புருசனுக்காக இம்புட்டுப் பொய் சொல்றாளே என்று தூசிக்குள் படுத்துக்கொண்டே கண் கலங்குவேன்.

ஆறு மாசம் ஓடியது. நோட்டீசு போனது. மறுநாளே சீதாராமன் வந்தார். அன்றைக்கு நான் ஒளியவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"எங்கே ஆறு மாசப் பாக்கி?"

மனுசன் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். உள்ளே ஆறு ரசீது. ஒவ்வொன்றிலும் முத்துமுத்தாக ஒச்சம்மாள் கையெழுத்து. அடுப்படி வாசலில் நின்ற அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏத்தா! நீயா வாங்குனே?"

"எங்கப்பா என் பேர்ல எழுதுன வீடு, நான் வாங்குனேன். தம்பி முன்வாசல்ல கூப்புட்டதும் நீங்க கட்டிலுக்கடியில போயிருவீக. அந்நேரம் அவரு சம்சாரம் வசுந்தரா கொல்லப்பக்கம் வந்து குடுத்துட்டுப் போகும்."

"என் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தையிலயே சட்டை துவைக்கையில வீடு காலி பண்ற கேசுக்குன்னு வக்கீல் குடுத்த ஃபீஸ் ரசீது பையில கெடந்துச்சு. ஆயிரத்து ஐந்நூறு. என் வளையல்." குரல் உயரவே இல்லை. அதுதான் பயம். "மாசம் இருநூத்தம்பது. ஆறு மாசம். ஒண்ணாந்தேதி என் கைக்கு வந்துரணும். ரசீது தாரேன்."

சீதாராமன் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"தேதி தவறுனா?" கேட்டேன்.

"ஒளியலாம்னு மட்டும் நெனைக்காதீக. அந்தக் கட்டிலும் எங்கப்பா போட்ட சீருதான்."