மாப்பிள்ளையின் இடது காது

வெளியே எடுத்த கொட்டன் பட்ஸின் நுனியில் பஞ்சு இல்லை.

சுதேஷ் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று, அந்த வெறுங்குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போகும்போது பஞ்சு இருந்தது. இப்போது தரையிலும் இல்லை, பேசினிலும் இல்லை. ஆகவே அது இருக்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தலைக்குக் குளித்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டு, ஊரின் ஓசைகளையெல்லாம் பாதியாக்கித் தந்துகொண்டிருந்த அவனுடைய இடது காது.

வேறொரு காலமாக இருந்தால் அவன் இதற்காகக் கலங்கியிருக்க மாட்டான். ஆனால் அடுத்த மாதம் கடுகண்ணாவையிலிருந்து பெண் வீட்டார் 'மாப்பிள்ளை வீடு பார்க்க' அம்பிட்டியவுக்கு வரவிருந்தார்கள். அந்த வருகைக்கு ஒரு மரபு உண்டு. சம்மதமென்றால் வைத்த பலகாரத்தைச் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, மழை வரப்போகிறது என்று எழுந்துவிடுவார்கள். 'வேண்டாம்' என்ற சொல்லை எவரும் வாயால் உச்சரிப்பதில்லை.

இதற்கு முன் வந்த சம்பந்தங்களைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயமே இருந்ததில்லை. கடுகண்ணாவைப் பெண் சிந்துஜாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் முதன்முறையாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. இரு தோள்களிலும் தாழ விரிந்த கூந்தலோடு எதிரே அமர்ந்து, அவன் பேசியபோதெல்லாம் அவன் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள். கண்டி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவன், பிரேம்களின் வகைகளைப் பற்றிப் பேசினான். அந்த விஷயத்தை அவ்வளவு ஊன்றிக் கேட்ட மனிதப் பிறவி அதுவரை இருந்ததில்லை.

"என்னடா அங்கே கண்ணாடியப் பார்த்துக்கிட்டு?" என்று அம்மா கலாராணி கதவருகே வந்து நின்றாள்.

அவன் குச்சியைக் காட்டினான். கலாராணி அரைக் கணம்கூடத் தயங்கவில்லை.

"இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? எண்ணெய் ஊத்துனா வழுக்கிக்கிட்டு வந்துரும்."

தேங்காயெண்ணெயில் வெள்ளைப்பூட்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, விரலால் சூடு பார்த்து, அவனைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஊற்றினாள். எண்ணெய் உள்ளே போனது. பஞ்சு வெளியே வரவில்லை. தன் இயல்புக்கு உண்மையாக நடந்துகொண்ட அது, கிடைத்த எண்ணெய் முழுவதையும் குடித்துவிட்டு, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறியது. அதுவரை பாதியாகக் கேட்ட உலகம் இடப்பக்கத்தில் முற்றாக நின்றுபோனது. வெள்ளைப்பூட்டு வாசனை மட்டும் தலைக்குள் தங்கியது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று இடப்பக்கம் நின்று கேட்டாள் கலாராணி.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"சுதேஷ்?"

அவள் மகனின் தோளைத் தொட்ட பிறகே அவன் திரும்பினான். அவன் முகத்தைக் கண்டதும் அவள் கட்டிலின் ஓரத்தில் மெல்ல அமர்ந்தாள்.

காதில் குறையென்று ஒரு சொல் கடுகண்ணாவைக்குப் போனால் போதும் என்பது அவளுடைய கணிப்பு. பரம்பரை வியாதி என்பார்கள், பிள்ளைகளுக்கும் வரும் என்பார்கள். சுதேஷும் அதை மறுக்கவில்லை. பெண் பார்க்கும் நாளில் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம், "மறைச்சு எத்தனை நாளைக்கு?" என்று அவன் சொல்வது வழக்கம். அந்த அறிவுரை கடைக்கு மட்டுமே உரியது என்று இப்போது பட்டது.

வருகையைத் தள்ளிப்போடுவதே வழியென்று முடிவாகி, தரகர் இராமையாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"இராமையா அண்ணே, கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொல்லுங்க. தம்பிக்குக் காது ஒன்னு கேக்கல. இத நீங்க யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க."

"நானா? என்னத் தெரியாதா உங்களுக்கு?"

அவரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அச்சத்துக்குக் காரணம். தேநீர் ஆறுவதற்குள் அவரே திரும்ப அழைத்தார்.

"சொல்லிட்டேங்க."

"என்னத்த?"

"காதத்தான். பொண்ணோட அப்பா ஏன் தள்ளிப் போடுறீங்கன்னு கேட்டாரு. பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

"முப்பது வருசமாத் தரகு பண்றீங்களே அண்ணே, இன்னைக்குத்தானா வாய் வராமப் போச்சு?"

"கேளுங்க, இன்னும் இருக்கு. அடுத்த மாசம் வேணாமாம். இந்த ஞாயித்துக்கிழமையே வர்றாங்களாம்."

கலாராணி தொலைபேசியை மடியில் வைத்தாள். காதைப் பரிசோதிக்கத்தான் இவ்வளவு அவசரமாக வருகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சனிக்கிழமை அந்த வீட்டில் ஒத்திகை நடந்தது. விருந்தினர் அனைவரும் வலப்பக்கம் அமரும்படி கதிரைகள் இடம்மாறின. இடப்பக்கத்தை அடைக்க அலுமாரியே நகர்த்தப்பட்டது.

"கேக்காட்டி ஆன்னு கேக்காத. சிரிச்ச முகமா நல்லதுன்னு மட்டும் சொல்லு. நல்லதுன்னா எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கற்பித்துவிட்டு, அவனுடைய இடப்பக்கம் போய் நின்றாள் கலாராணி. "தம்பிக்கு வேலை நிரந்தரமா?"

"நல்லது."

"சரி. உங்க அப்பா எப்படிக் காலமானாரு?"

"நல்லது" என்றான் சுதேஷ், சிரித்த முகமாக.

கலாராணி சுவரில் மாலையோடு தொங்கிய கணவரின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அத்துடன் ஒத்திகை கைவிடப்பட்டது.

ஞாயிறு காலை, பலகார வேலையில் இருந்த அம்மாவிடம் சொல்லாமல், அவன் நகரத்திலுள்ள காது, மூக்கு, தொண்டை வைத்தியரைத் தேடிப் போனான். நிதானமாகத் தமிழ் பேசும் சிங்கள வைத்தியர், விளக்கைக் காதுக்குள் செலுத்திப் பார்த்தார்.

"இது என்ன வாசனை?"

"வெள்ளைப்பூடு, டொக்டர்."

"காது சமைக்கிற இடம் இல்லை" என்றார் அவர், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல். "அழுக்கு என்று நீங்க நினைக்கிறது, காது தன்னைப் பாதுகாக்கச் செய்கிற மெழுகு. தானாக வெளியே வரும். பட்ஸால குத்தினா உள்ளே போய் இறுகும். தண்ணி பட்டா ஊதும். செவிப்பறையில ஓட்டை இருந்து இந்த எண்ணெய் அதுக்குள்ள போயிருந்தா, இன்றைக்கு வேற கதை."

மெல்லிய இடுக்கியால் பஞ்சை எடுத்தார். பிறகு ஒரு சின்னக் குழாய் உள்ளே நுழைந்து, பெருமழை தகரக் கூரையில் கொட்டுவதுபோல இரைந்து, மெழுகை உறிஞ்சியெடுத்தது. அது ஓய்ந்த கணத்தில் வாசற்கதவின் கிரீச்சிடலும் தெருவில் ஒரு முச்சக்கரவண்டியின் இருமலும் அவனுக்குள் ஒன்றாக வந்து விழுந்தன. அவனுக்குக் கண் கலங்கியது.

"கேள்வியில ஒரு குறையும் இல்லை. போங்க. இனி முழங்கையைவிடச் சின்னதா எதையும் காதுக்குள்ள விடவேண்டாம்."

பகல் சரிந்த நேரத்தில் கடுகண்ணாவை வேன் வந்து நின்றது. பெண்ணின் தந்தை கணேஸ், தாய், இராமையா மூவரும் இறங்கினார்கள். சாரதி ரஸீன் வேனிலேயே இருந்துகொண்டார்.

கணேஸ் தனக்கென்று வலப்பக்கம் போடப்பட்ட கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், அலுமாரிக்கும் சுதேஷின் இடது தோளுக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில் சிரமப்பட்டு அமர்ந்தார். கலாராணி இராமையாவைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"தம்பி, கடை எத்தன மணிக்குத் தொறப்பீங்க?" என்றார் கணேஸ், மிகத் தாழ்ந்த குரலில்.

"எட்டரைக்கு, மாமா."

கணேஸ் குரலை இன்னும் தாழ்த்தினார். "பன்வில பக்கமும் சொந்தம் இருக்கோ?"

"அப்பாவோட தங்கச்சி இருக்காங்க. இப்பவும் தோட்டத்துலதான்."

ஒவ்வொரு சரியான விடைக்கும் கணேஸின் முகம் ஒரு படி இறங்கியது. தன்னைத் தோற்கடிக்க முடியவில்லையே என்ற ஏமாற்றம் அது என்று சுதேஷ் எடுத்துக்கொண்டான். அவனுக்கு உற்சாகம் பிறந்தது. சமையலறையில் குழாய் சொட்டுவதைச் சொன்னான். பேராதனைப் பக்கம் ரயில் ஒன்று ஊதுவதைச் சொன்னான். மற்றவர் எவருக்கும் அது கேட்கவில்லை.

"அப்ப, காதுல ஒரு குறையும் இல்லையா தம்பி?" என்றாள் பெண்ணின் தாய். ஏதோ ஒன்றைக் கடைசியாகப் பற்றிக்கொள்வதுபோல இருந்தது அவளுடைய குரல்.

"டொக்டரே காலையில பார்த்துச் சொல்லிட்டாரு, மாமி. வெறும் அடைப்பு. கேள்வி சுத்தம்."

வெற்றியின் வாசலில் நின்ற கலாராணி, அதை முழுமையாக்க விரும்பினாள்.

"எங்க பரம்பரையிலயே காதுக் குறை கெடையாதுங்க. அப்படிக் குறை உள்ள எடத்துல நாங்க சம்பந்தம் வெச்சதும் இல்ல, வெக்கப்போறதும் இல்ல."

அதன் பிறகு அந்த வீட்டில் கடிகாரத்தின் முள் நகரும் ஓசைகூடச் சுதேஷுக்குத் துல்லியமாகக் கேட்டது. பெண்ணின் தாய் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். இராமையா முறுக்கை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

கணேஸ் தண்ணீர்க் குவளையை எடுத்து இரண்டு மிடறு குடித்தார்.

"மழை வரப் பார்க்குது" என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். அடுக்கு குலையாத பலகாரத் தட்டின் முன்னால் தாயும் மகனும் அமர்ந்திருந்தார்கள். கேட்கும் காதுள்ள மாப்பிள்ளையிடம் என்ன குறை கண்டார்கள் என்பது இருவருக்கும் விளங்கவில்லை. சிந்துஜாவின் கண்ணெடுக்காத முகம் சுதேஷின் நினைவில் வந்து நின்றது.

படியில் செருப்போசை கேட்டது. ரஸீன்.

"ஐயாட குடை இங்கன விட்டுட்டாங்க அக்கா."

கலாராணி குடையை எடுத்து நீட்டினாள். ஆனால் அதோடு விட்டுவிட மனம் வரவில்லை. "நீங்களாவது சொல்லுங்க தம்பி. எங்க புள்ளைக்கிட்ட என்ன குறை அவங்களுக்கு?"

ரஸீன் வேன் நின்ற திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு சுதேஷின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புள்ளைக்குச் சின்ன வயசுலேருந்து ரெண்டு காதுலயும் மெசின் தம்பி, முடிய விரிச்சுத்தான் மறைச்சு வெச்சிருப்பாங்க; உங்களுக்கும் கேக்காதுன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான், இவர்னா எனக்குச் சம்மதம்னு வாயத் தொறந்து சொல்லிச்சு."