பானைச் சீட்டில் அகப்பட்ட டெய்சி டீச்சர்

ஆண்டர்சன்பேட்டை
16-5-1967

அதனாலதான் சிவப்பிரகாசம், ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ அந்தப் பானையில இன்னொரு தடவை சீட்டு எடுத்துப் பாக்கணும். முதற்கண், சகல சௌபாக்கியமும் பெற்று நீடூழி வாழ அத்தையின் ஆசீர்வாதம். இங்கு அம்மை வார்த்த பதினோரு பேரைத் தவிர மற்ற யாவரும் க்ஷேமம். பெங்களூரில் உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

உன் படிப்புக்காக நீ கேட்டபடி எங்க லைன் வூடுங்கள்ல பதினோரு பேருக்கும் தேதி எழுதி அனுப்பினேன். அம்மை ஒடம்புக்குள்ள எத்தினி நாள் ஒளிஞ்சிருந்து வெளிய வருதுன்னு கண்டுபிடிக்க, பத்து நாள், பன்னெண்டு நாள், பதினாலு நாள்னு மாத்தி மாத்தி வெச்சு, பானையில சீட்டுக் குலுக்கி, காகிதத்துலயே எங்க லைனுக்கு ஆயிரம் தடவை அம்மை வார்த்துப் பாத்தியாம்! நெஜ தேதிக்கு ரொம்பக் கிட்ட வந்தது பதினாலாம். ஒரு தடவைக்கே நாங்க வேப்பிலைக்கு அலைஞ்சோம் கண்ணு. அந்த ஆயிரத்துக்கும் சேத்து மாரியம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டு கூழ் ஊத்திட்டேன்.

உன் கடுதாசிய நான் சத்தமாப் படிச்சதுதான் வெனை. லைன்ல மொதல்ல வார்த்தது கங்காதரன் பையன் நாகேஷுக்கு, பங்குனி 22. பதினாலு நாள் பின்னால போனா பங்குனி 8. அன்னிக்குத்தான் பக்கத்து வூட்டு டெய்சி டீச்சர் கோலார்லேந்து வந்தாங்க. வூட்டுக்குச் சொந்தக்காரர் பாண்டுரங்கன் நேரா அவங்க வாசலுக்கே போய்ட்டாரு.

"இன்னா டீச்சர், கோலார்லேந்து இன்னா கொண்ணாந்தீங்க?"

"புளி கொண்ணாந்தேன். பாதிய உங்க வூட்டம்மாதான் வாங்கிக்கினாங்க."

"பெங்களூர் கணக்கு பொய் சொல்லுமா? ஞாயித்துக்கெழம வூட்டைக் காலி பண்ணுங்க."

சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணுதான். ஆனா அம்மை வார்த்த அத்தினி வூட்டு வாசல்லயும் வேப்பிலை சொருகினது அதுதான். இப்ப பொட்டி கட்டுது. எனக்குச் சோறு எறங்கல. பதினாலு தப்புன்னு ஒரே ஒரு வரி எழுது, புண்ணியமாப் போவும்.

மாரியாத்தா உன் படிப்பையும் பானையையும் குளிர வெக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தை சகுந்தலா

பி.கு.: பதினாலு சரிதான், தப்பு என்னுது. நான் அனுப்பின தேதியெல்லாம் தலைக்குத் தண்ணி ஊத்தின நாள். மாரியாத்தா வூட்ல இருக்கறப்ப நாள் குறிக்கக் கூடாதே, அவ எறங்கினப்புறம்தான் காலண்டர்ல எழுதுவோம். நாகேஷுக்கு முத்து போட்டது பங்குனி 14, ஒம்பதாம் நாள்தான் தண்ணி. அதுக்குப் பதினாலு நாள் முன்னால மாசி கடைசி. டீச்சர் அப்ப கோலார்ல. பொட்டிய அவுக்கச் சொல்லிட்டேன். இதையும் சத்தமாத்தான் படிக்கணும், அதான் தயக்கமா இருக்குது. மாசி கடைசி அன்னிக்கு, பெங்களூர்லேந்து வந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருன்னு என்கிட்ட சந்தனம் பூசிக்கினு, நாகேஷைத் தோள்ல தூக்கிக்கினு தேர் பாக்கப் போனது நீதான்பா.