லண்டன் வரைக்கும் போகிற பெட்டி

கூச்சப்படுகிறவர்கள் வெளியில் பேசாமல் மிச்சம் பிடிக்கிற பேச்சையெல்லாம் வீட்டுக்குள் வந்துதான் கொட்டுவார்கள். நானும் அந்த ரகம். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என் பெயரைக் கேட்டால்கூட என் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். (பெயர் தெரியும். வாய்தான் வராது.) ஆனால் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் காலை வைத்துவிட்டால் எந்தச் சுவரில் எந்த ஆணி என்பதுவரை நான் சொல்வதுதான் சட்டம். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு அது கொஞ்சம் கூடுதலான அதிகாரம் என்று இப்போது தெரிகிறது.

என் தம்பி சந்திரன் மாத்தளை டவுனில் ஹயர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்குப் பெண் பார்த்து முடிப்பது மூத்தவள் என்ற முறையில் என் பொறுப்பு. நாலந்தாவில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். அடக்கமான பிள்ளை, தையல் தெரியும், தகப்பனுக்கு ரோட்டோரத்தில் டயர் ஒட்டுகிற கடை என்றார். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பெண் வீட்டுக்குப் போய் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைத் திமிர் என்று நினைத்துவிட்டார்கள். இந்த இடமும் போனால் என்னால்தான் போனதாக ஆகிவிடும்.

அந்த நேரம் பார்த்து சந்திரன் வேனுக்கு ஒரு ஆம்பிளிபயர் வாங்கிவந்தான். செங்கல் இரண்டை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆனால் கனம் நாலு செங்கல் கனம்.

"அக்கா, இத தகரத்துல நேரா பூட்டக்கூடாதாம். பலகைல பூட்டி, பலகைய வேனுல பூட்டணுமாம். ஆடக்கூடாது, சூடும் ஏறக்கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரு. நல்ல பலகையா ஒண்ணு பாத்துக் குடு."

வீட்டில் மூன்று பலகை இருந்தது. ஒன்று, தண்ணிக்குடம் வைக்கிற பலாப் பலகை. இன்னொன்று அல்பீசியா மரப் பலகை. அதில் நகத்தால் கோடு போடலாம். மூன்றாவது, தேயிலைப் பெட்டி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேயிலைப் பெட்டி தெரியாது. இப்போது எல்லாம் காகிதச் சாக்கு. அப்போது தேயிலைத்தூள் கப்பலேறியது மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான். ஓரமெல்லாம் தகரப்பட்டி, உள்ளே பளபளவென்று ஈயத்தாள். பெக்டரியில் கழிக்கிற பெட்டிகள் லயத்துக்கு வரும். எங்கள் அலுமாரி அந்தப் பெட்டி, பிள்ளைகள் எழுதுகிற மேசை அந்தப் பெட்டி, கோழிக்கூடும் அதுதான்.

"பலாப் பலகையக் குடு புள்ள," என்றார் என் வீட்டுக்காரர். பெக்டரியில் பெட்டி தூக்கித் தோளெல்லாம் காய்ப்பு ஏறியவர் அவர். "தேயிலைப் பெட்டி தூளத் தாங்கும். இது இரும்பு."

"கறை புடிச்ச பலகையப் பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கவா? லண்டன் வரைக்கும் கப்பல்ல ஆடிக்கிட்டுப் போற பெட்டி நாலந்தா வரைக்கும் போகாதா?"

சந்திரன் சுத்தியலை எடுக்கப் போனான். லண்டனை எதிர்த்து என்ன பேசுவது? பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, ஈயத்தாள் மேலே தெரியும்படி வைத்து (வெள்ளித்தட்டு மாதிரி இருந்தது, என் கண்ணே பட்டிருக்கும்), பெட்டியில் இருந்த சின்ன ஆணிகளையே அடிக்கச் சொன்னேன். வேனின் பின்கதவை ஒட்டி அதைப் பூட்டினான்.

நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். நான், அவர், தம்பி, ஒரு தட்டு வெற்றிலை பாக்கு பழம். சந்திரன் பாட்டைப் போட்டான். முதல் மேளச் சத்தத்துக்கே பலகையின் சந்து பொந்தெல்லாம் ஒளிந்திருந்த பழைய தேயிலைத்தூள் புகை மாதிரிக் கிளம்பியது. என் வீட்டுக்காரர் தும்மத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அவருடைய வெள்ளை வேட்டி பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. வளைவுக்கு வளைவு பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம்.

"ஆணி கழலுது போல," என்றார் அவர், இரண்டு தும்மலுக்கு நடுவில்.

"அது மேளம்," என்றேன் நான்.

நாலந்தாவுக்குக் கிட்ட ஆமிக்காரர்களின் சோதனைச் சாவடி. தமிழ் ஆட்கள் வேனில் போனாலே குண்டு இருக்குமோ என்று நிறுத்திச் சோதித்த யுத்த காலம் அது. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஒரு சின்ன வயது ஆமிக்காரன் பின்கதவைத் திறந்தான். அவ்வளவுதான். ஆணி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு ஒரு வயரில் தொங்கிக்கொண்டிருந்த ஆம்பிளிபயர், பலகையோடு அவன் காலடியில் போய் விழுந்தது. சிவப்பு லைட் எரிகிறது. நாலு பக்கமும் வயர். ஈயத்தாள் வயரில் பட்டு "பட்" என்று ஒரு பொறி.

அந்தப் பையன் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்த வேகத்தை நான் இதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. அடுத்த நிமிஷம் துப்பாக்கி எல்லாம் எங்கள் பக்கம். சந்திரன் கையைத் தூக்கிவிட்டான். அவர் கையையும் தூக்கிக்கொண்டு தும்மவும் செய்தார். தம்பியை விசாரிக்கவென்று கொண்டுபோய்விட்டால் எங்கே போய்த் தேடுவேன்? அப்படிப் போனவர்கள் கதை எத்தனை கேட்டிருக்கிறேன். ஆயுசில் முதல் தடவையாக ஒரு அந்நிய ஆணிடம் நானாகப் பேசினேன். அதுவும் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிச் சிங்களத்தில்.

"மல்லி, தே பெட்டிய. மகே. மம." தம்பி, தேயிலைப் பெட்டி, என்னுடையது, நான். அதற்கு மேல் எனக்குச் சிங்களமும் இல்லை, மூச்சும் இல்லை.

அவர்களில் மூத்த ஆமிக்காரர் ஒருவர் மெதுவாக வந்து, குனிந்து, பலகையை மோந்து பார்த்தார். தேயிலைதான் என்று அவர் மூக்குக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் பாட்டுப் பெட்டி என்றால் பாடட்டும், பாடினால் போகலாம் என்றார். பாடவில்லை. சந்திரன் எதை முறுக்கினாலும் பாடவில்லை. "டயர் கடை பாஸைக் கூப்பிடு" என்று ஒருவனை அனுப்பினார்கள்.

வந்தது பாஸ் என்கிற கடைக்காரர் இல்லை. ஒரு பெண். பட்டுச்சேலை, தலையில் பூ, அதற்கு மேல் எண்ணெய்க் கறை படிந்த ஒரு ஆம்பிளைச் சட்டை, கையில் சாவி. துப்பாக்கிகளைப் பார்த்தாள். துவைத்த துணி காய்கிற கொடியைத் தாண்டுகிற மாதிரி அவற்றைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தாள்.

"ஈயத்தாள் மேலயா கரண்ட் சாமான வச்சிருக்கீங்க? பியூஸ் போயிருக்கு."

தாளை உரித்துப் போட்டாள். ஆமிக்காரர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர்கள் ஜீப்பிலிருந்தே ஒரு பியூஸ் எடுத்துக் கொடுத்தார்கள். (அந்த ஜீப்புக்கு டயர் ஒட்டுவதே இவள்தானாம்.) வயரைச் சேர்த்தாள். நாலந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி நாதஸ்வரம் எழும்பியது. மணல் மூட்டைக்குப் பின்னால் போன பையன்தான் முதலில் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் பலகையைத் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தாள். அது டப டப என்றது.

"யாருங்க இத தெரிஞ்செடுத்தது?"

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே நேரத்தில் என்னை நோக்கி விரலை நீட்டினார்கள். அன்றைக்குத் துப்பாக்கியைவிட அந்த இரண்டு விரலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "வாங்க," என்று சாவடியை ஒட்டிய கடைக்கு வேனோடு கூட்டிப்போனாள். வாடிக்கைக்காரர்கள் உட்கார்கிற பலாப் பலகையைத் தட்டினாள். டொக் என்றது. அதில் துளை போட்டு, ஆம்பிளிபயரின் நாலு காலுக்கும் கீழே பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து, ஆணி இல்லாமல் போல்ட்டும் நட்டும் போட்டு வேனில் முறுக்கினாள்.

"ரப்பர் இருந்தா குலுக்கல அது வாங்கிக்கும். கீழ இடைவெளி இருந்தா சூடும் ஏறாது. ஆணி, வேன் ஆட ஆட வெளிய வந்துரும். இது வராது." சொல்லிவிட்டுப் பலகையைப் பிடித்துத் தொங்கினாள். வேன்தான் ஆடியது. பலகை அசையவில்லை.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பிள்ளையா என்று இருந்தது. அப்போது கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வேட்டியோடு வந்தார்.

"ஏம்மா புஷ்பம், மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரம். இப்பவும் சட்டையப் போட்டுக்கிட்டு..." என்றவர் எங்கள் வெற்றிலைத் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

புஷ்பம் கறை படிந்த இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அந்தத் துப்பாக்கிகளுக்கு வெட்கப்படாதவள் எங்கள் பழத்தட்டுக்கு வெட்கப்பட்டாள்.

"நீ என்னா சொல்ற?" என்று என் வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். வழக்கமாக நான் தலையைத்தான் ஆட்டுவேன். அன்றைக்குச் சத்தமாகவே வந்துவிட்டது.

"இந்தப் புள்ளதான்."

சாவடியில் நின்றவர்களுக்கே கேட்டுவிட்டது. என்னவாம் என்று புஷ்பத்திடமே விசாரித்தார்கள். அவள் கடைக்குள் ஓடிவிட்டாள்.

வேன் கைமாறி எவ்வளவோ காலமாகிறது. அந்தப் பலாப் பலகை மட்டும் இப்போது சந்திரன் வீட்டில் தண்ணிக்குடம் தாங்குகிறது. எங்கள் குடும்பத்தில் கதவு, கட்டில், கதிரை எது வாங்கினாலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "லண்டன் வரைக்கும் போகுமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. பேரப்பிள்ளைகள் முட்டாசி மிட்டாய் டப்பாவைக்கூட விரலால் தட்டிக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுக்கும்.

போன வருஷம் சந்திரனின் மகளுக்கு ஒரு பையனைப் பார்க்கப் போனோம். வாடகை வேனில் திரும்பி வரும்போது ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். புஷ்பம் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க அண்ணி," என்றாள்.

"ஐயோ, அத்தைகிட்டயா? லண்டன் பெட்டின்னு சொல்லிரும்," என்றது என் மருமகள் பிள்ளை, சந்திரனின் மகள்.

"பலகைக்கு அண்ணிகிட்ட போகாத," என்றாள் புஷ்பம். "ஆளுக்குப் போகலாம். என்னயப் பாத்தது அவங்கதான்."

வேன் முழுக்க என்னைப் பார்த்தது. முன்சீட்டின் முதுகை விரலால் ஒரு தடவை தட்டினேன்.

அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. கல்யாணம் தை மாதம்.