உள்ளே முதலாளி, வெளியே நான்

அன்றைக்குப் பெருமாட்டிப் பக்கத்துத் தேங்காய் மண்டியில் இருந்தவர்கள் இவர்கள்: மண்டி முதலாளி ராவுத்தர். என்னை அங்கே வேலைக்குக் கூட்டிக்கொண்டு போன, மலையாளம் கலந்து பேசும் புரொபேஷன் ஆபீசர் மேடம். களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆறுமுகண்ணன். துணிப்பையோடு என் மனைவி சரசு. சுவரில் ஒரு கேமரா. அப்புறம் நான். கேமராவை ஆளாகச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் மனம்விட்டுப் பேசியது அதனிடம் மட்டும்தான்.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். வண்டி ஓட்டத் தெரியும், கவலைப்படத் தெரியும். (இரண்டையும் சேர்த்தே செய்வேன்.) பூசணிக்காய் லோடுக்கு அடியில் ஸ்பிரிட் கேன் வைத்து ஓட்டி, செக்போஸ்டில் மாட்டினேன். அடியில் என்ன இருந்தது என்று தெரியாது என்றேன். ஜட்ஜும் நம்பவில்லை, சரசுவும் நம்பவில்லை. ஜட்ஜ் ஒன்றரை வருஷம் கொடுத்தார். சரசு மகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்து வேலை கேட்ட இடத்தில் எல்லாம் முதலில் "நாளைக்கு வாப்பா" என்பார்கள். ஜெயில் விஷயம் தெரிந்ததும் அந்த நாளையே இல்லாமல் போய்விடும். கடைசியாக மேடம் பிடித்துக் கொடுத்த இடம்தான் இந்த மண்டி. சரசுவும் பார்க்க வந்திருந்தாள்.

"வேலை கெடச்சா இப்புடியே நம்மூட்டுக்கு வர்றனுங்க. இல்லீனா மூணு மணி பஸ்ஸுல அம்மா ஊட்டுக்கே போயிர்றேன். அப்பறம் போனு கீனு பண்ணக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

சொல்லிவிட்டுக் களத்து நிழலில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஆபீஸ் அறையில் ராவுத்தர் அதிகம் பேசவில்லை.

"என்ன கேஸுப்பா?"

"ஸ்பிரிட்டுங்க."

"குடிப்பியா?"

"இல்லீங்க. ஓட்டுனதோட சரிங்க."

"ம்." எழுந்தார். "இரு, வந்தர்றேன்" என்று அறையின் மூலையில் இருந்த திரையை விலக்கிக்கொண்டு போனார். பின்வாசல் வழியாகக் களத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். மேடத்துக்குப் போன் வந்தது. சிக்னல் தேடிக்கொண்டு அவரும் தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார்.

இப்போது அறையில் நான், மேசை, பாதி திறந்த இழுப்பறை. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டுகள்.

அந்தப் பணத்தில் ஒரு தாள் குறைந்தாலும் நான்தான். குறையாமலே குறைந்ததாக யாருக்காவது தோன்றினாலும் நான்தான். இரண்டு கையையும் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினேன். "பாத்துக்குங்க, எதையும் தொடலீங்க" என்றேன். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். (அந்தக் கேமராவில் சத்தம் பதியாது என்று பிறகு சொன்னார்கள். வாயசைத்துக்கொண்டே கையைத் தூக்கும் என்னைப் பார்த்தால் சாமி வந்தவன் மாதிரி இருக்குமாம்.)

வெளியே போய் நின்றால் நல்லது என்று வந்தேன். வந்ததும் அடுத்த கவலை. நான் இல்லாத நேரத்தில் வேறு யாராவது எடுத்தால்? அப்போதும் நான்தானே? கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். கொண்டியில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ரகம். அழுத்தினேன். அந்தச் சத்தத்தைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

ஜெயிலில் ஆளை எண்ணாமல் பூட்டவே மாட்டார்கள். ஒன்றரை வருஷம் காலையும் மாலையும் எண்ணப்பட்டவன் நான். என் கையால் பூட்டும் முறை வந்தபோது எண்ண மறந்துவிட்டேன்.

கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம்.

"யாரது வெளிய?"

"நாந்தானுங்க."

"கதவை எதுக்குப்பா பூட்டுனே?"

"உள்ள பணம் இருக்குதுங்க."

"உள்ள நானும் இருக்கேன்ப்பா."

திரைக்குப் பின்னால் இருந்தது வாசல் இல்லை. அவர் மதியத்து லுஹர் தொழுகை தொழுகிற இடம். பின்வாசலே அந்த அறைக்குக் கிடையாது.

மேடம் போனை முடித்துவிட்டு வந்தபோது கண்ட காட்சி: பூட்டிய கதவு, உள்ளே முதலாளியின் குரல், வெளியே நான்.

"எந்தா செல்வராஜ் இது?"

நான் பூட்டைக் காட்டினேன். ராவுத்தரே உள்ளிருந்து விளக்கினார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. மேலே இருந்த வெண்டிலேட்டர் வழியாக எறிந்தார். அது நேராகப் போய் ஆறுமுகண்ணனின் தேங்காய் மட்டைக் குவியலுக்குள் விழுந்தது. நாங்கள் நாலு பேரும் மட்டையைக் கிளறினோம். சாவி கிடைக்கவில்லை. (இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த மட்டை கயிறு கம்பெனிக்குப் போய்விட்டது.)

கடப்பாரையை எடுத்தேன். மேடம் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"நீங்க பூட்டு உடைக்க வேண்டா. நீங்க மாத்திரம் வேண்டா."

ஆறுமுகண்ணன் கையை விரித்தார். "நமக்கெதுக்குங்க வம்பு? நாளைக்கு சாட்சிக்குக் கூப்புடுவாங்க."

சரசு துணிப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினாள். "தள்ளுங்க அக்கட்டால" என்றாள். ஒன்றரை வருஷத்துக் கோபம் அவளிடம் சேர்ந்து கிடந்திருக்கிறது. மூன்றாவது இடியில் பூட்டு, கொண்டி, கதவு நிலைச் சட்டத்தில் ஒரு துண்டு, மூன்றும் ஒன்றாக வந்தன.

ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார், சரசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் இழுப்பறையை மூடினார்.

"எண்ணிப் பாருங்க மொதலாளி" என்றேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி.

"எதுக்கு?"

"ஒரு தாளு கொறஞ்சாலும்..."

"ஏப்பா, இந்த மண்டிக்கு எத்தனை பேரு வர்றான் போறான். ஒருத்தனும் கதவைச் சாத்துனதில்ல. என்னையும் சேத்துப் பூட்டுனவன் நீ ஒருத்தந்தான்." மேடத்தின் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. குடோன் சாவி இவங்கிட்ட இருக்கட்டும்."

மூணு மணிப் பொள்ளாச்சி பஸ் எங்களைத் தாண்டித்தான் போனது. சரசு கை காட்டவில்லை. "புழுதியப் பாருங்க" என்று மூக்கை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் மகளும் வந்து சேர்ந்தாள்.

குடோனின் எல்லாச் சாவியும் இப்போது என் இடுப்பில். மேடம் அனுப்பி, ஜெயிலில் இருந்து வந்த இன்னும் இரண்டு பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் நான் ஆளை எண்ணுவேன். "நான் வெளியதான் இருக்கேன்ப்பா, நல்லாப் பாத்துக்க" என்று ராவுத்தர் ரோட்டில் நின்று கத்துவார். என் மகள் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "எங்கப்பா மொதல்ல உள்ள இருந்தாரு, அப்பறம் மொதலாளிய உள்ள வெச்சாரு, எங்கம்மாதான் ஜாமீன்ல எடுத்தாங்க."

ஒவ்வொரு சம்பளத்தின்போதும் அந்தப் பூட்டின் விலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ராவுத்தர் பிடிப்பதில்லை. "அது நிக்கட்டும். கடனைத் தீத்துட்டா நீ வேற மண்டிக்குப் போயிருவே" என்கிறார்.

பாக்கி முந்நூற்று எண்பது ரூபாய்.